ஹெதியா திருப்பாத குமிழ்

ஸ்ஃபாக்ஸ்,
4 மார்ச் 2019

தொர்சாஃபுக்கு,

உன் பழைய எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஒரு மீன் வியாபாரி எடுக்கிறார். மின்னஞ்சல் திரும்பி வந்துவிடுகிறது. கெர்கென்னா தீவில் உன் அப்பா வீட்டு முகவரி மட்டும் கையில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் உன் புத்தகங்களை அங்கே அனுப்பி வைத்திருக்கிறேன். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதற்குமுன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, காலையிலேயே தபால்தலை வாங்கி வைத்துவிட்டேன்.

நீ போன பிறகு தெனியூர் சாலை அலுவலகத்தில் எதுவும் மாறவில்லை. அதே கட்டடம், அதே காபி இயந்திரம், அதே முதலாளி சி ரவூஃப். புதிய இன்குபேட்டர் மாடல் ஒன்று செய்கிறோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய மாடல் ஒன்றை மேசைமேல் ஓடவிட்டிருந்தேன். உள்ளே குழந்தைக்குப் பதிலாக ஒரு தண்ணீர் பாட்டில். சூடு 34இல் வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்ணாடிமேல் தற்செயலாகக் கை பட்டது, வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. உள்ளே 39 டிகிரி. நான் வைத்த அளவு 34 என்று பலகை காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இயந்திரம் தனக்குள் எழுதிக்கொள்ளும் பதிவில், வைத்த அளவு 39 என்று இருந்தது. சூட்டின் அளவை வைக்கும் குமிழை நான் தொடவே இல்லை.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தெரியும். எனக்கும் 2016 ஏப்ரல்தான் தோன்றியது. அந்த மருத்துவமனை, அந்தக் குழந்தை, அந்த நர்ஸ் ஹெதியா. அவள் கவனமில்லாமல் குமிழை 39க்குத் திருப்பிவிட்டாள் என்று நாம் கொடுத்த அறிக்கை. நாம் என்று எழுதக்கூடாது. நான் கையெழுத்துப் போட்டேன். நீ போடவில்லை. போடாமல் வேலையை விட்டுப் போனாய்.

ஆறு நாளாகக் காத்திருக்கிறேன், அது திரும்ப வரவில்லை. நீ ஹெதியாவிடம் இரண்டு முறை பேசினாய். நான் ஒருமுறைகூடப் பேசவில்லை. அன்று மதியம் என்ன செய்தாள் என்று உன்னிடம் சொன்னாள்? உன் நோட்டில் இருக்குமே.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்கவேண்டியது வேறு நிறைய இருக்கிறது, தெரியும். இப்போதைக்கு இந்த ஒரு கேள்வி.

லஸாத்


எல் அத்தாயா, கெர்கென்னா,
11 மார்ச் 2019

திரு. லஸாத் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

நோட்டின் 61ஆம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மதியம் பன்னிரண்டரை மணிக்குக் குழந்தையின் தாய் வார்டுக்குள் வந்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஹெதியா அவளுக்குக் காட்டுவதற்காக வரைபடப் பொத்தானை அழுத்தினாள். காலையிலிருந்து சூடு நேர்கோடாக இருப்பதைத் தாய் பார்த்தாள். இன்னொரு முறை காட்டச் சொன்னாள். ஹெதியா மறுபடி அழுத்தினாள். அதன்பின் மற்ற ஆறு குழந்தைகளைப் பார்க்கப் போனாள். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு. வைத்த அளவு 34 என்றே பலகை காட்டியதாக அன்றே சொன்னாள். யாரும் நம்பவில்லை, ஏனென்றால் பதிவில் 39 இருந்தது. குழந்தை நான்கு நாளில் தேறிவிட்டது. அதை மட்டும் அறிக்கையில் சரியாக எழுதினீர்கள்.

61ஆம் பக்கத்தை, அறிக்கைக்கு முன் நடந்த கூட்டத்தில் வாசித்தேன். நீங்கள் சொன்ன பதிலையும் அன்று மாலையே எழுதி வைத்திருக்கிறேன்: "கிராஃபுக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் வேற வேற டாஸ்க். ஒண்ணு இன்னொண்ணைத் தொட என் கர்னல் புரோகிராம் விடாது." சி ரவூஃப் தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

58ஆம் பக்கத்தில் இன்னொன்று. அந்த இயந்திரம் ஒரு மாதத்தில் பதினான்கு முறை, வைத்த அளவு வரம்புக்கு வெளியே போனதாகக் கண்டு, அதைத் தள்ளிவிட்டுப் பழைய அளவை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். சென்சார் இரைச்சல் என்றீர்கள். வைத்த அளவு சென்சாரிலிருந்தா வருகிறது?

இப்போது ரெம்லா பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். பின்னம் புரியாதவர்களுக்குப் புரிகிறவரை சொல்வதுதான் என் வேலை. காரணம் தெரிந்தால், எனக்கு எழுதுவதாக நினைக்காமல் ஹெதியாவுக்குப் புரியும்படி எழுதுங்கள். கடைசியில் அவளிடம்தானே சொல்லவேண்டும். அந்த அறிக்கையால் வேலை போனபின் அவள் மஹாரெஸில் கணவனின் ரொட்டிக் கடையில் நிற்கிறாள். பாதித் தகவலோடு அங்கே போய் நிற்கவேண்டாம்.

தொர்சாஃப்


ஸ்ஃபாக்ஸ்,
19 மார்ச் 2019

தொர்சாஃப்,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். சரி, அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னால் பதிலுக்கு அப்படி எழுத முடியவில்லை.

பழைய பிரிண்டர் ஒன்றின் மோட்டாரைக் கழற்றி, அதில் ஒரு மரக்குச்சியைக் கட்டி, இருபது நொடிக்கு ஒருமுறை வரைபடப் பொத்தானை அழுத்தும்படி வைத்தேன். ஐம்பதாவது நிமிடம் 39 வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று தடவை. பொத்தானை விட்டுவிட்டால் வருவதே இல்லை.

ஹெதியாவுக்குப் புரியும்படி எழுதச் சொன்னாய். முயற்சி செய்கிறேன்.

இன்குபேட்டருக்குள் இருப்பது ஒரே ஒரு செயலி, அதாவது பிராசசர் சில்லு. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் அது பார்க்கும். சூட்டைக் கவனிப்பது, திரையில் வரைவது, எச்சரிக்கை மணி என்று வேகமாக மாற்றி மாற்றிப் பார்ப்பதால் எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரிகிறது. ஒவ்வொரு வேலையும் தன் எண்களைச் செயலிக்குள் இருக்கும் சில சின்ன இடங்களில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. அந்த இடங்கள் எல்லா வேலைக்கும் பொது. ஆகவே ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கும்முன் முதல் வேலையின் எண்களை எடுத்து, அதற்கென்று ஒதுக்கிய நினைவகத்தில் எழுதி வைக்கவேண்டும். திரும்பி வரும்போது அவற்றை அதே இடங்களில் வைக்கவேண்டும். நான் எழுதிய கர்னலில், அதாவது வேலைகளை மாற்றிவிடும் அடிப்படை நிரலில், இதைச் செய்வது நாற்பது வரி. சூட்டு வேலை கணக்கை முடித்ததும் "அடுத்த அளவு வரும்வரை காத்திருக்கிறேன், வந்ததும் எழுப்பு" என்று கர்னலிடம் கேட்டுவிட்டு நிற்கிறது. இப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். கேட்டுவிட்டு நிற்கும் வேலைக்குக் கர்னல் கொடுக்கும் ஒரே உறுதி, எழுந்திருக்கும்போது உன் எண்கள் வைத்தது வைத்தபடி இருக்கும் என்பது.

நான் அந்த உறுதியைக் காப்பாற்றவில்லை.

பழைய செயலியில் முழு எண்களுக்கு மட்டும்தான் இடம். அத்தனையையும் எடுத்து வைத்தேன். 2015இல் புதிய செயலிக்கு மாறினோமே, அதில் தசம எண்களுக்கென்று முப்பத்திரண்டு இடம் கூடுதல். அதில் பாதியைச் செயலி தானே எடுத்து வைத்துக்கொள்ளும். மீதிப் பதினாறை என் நாற்பது வரி எடுத்து வைத்திருக்கவேண்டும். தசமத்தைத் தொடுவது சூட்டு வேலை மட்டும்தானே, ஒருவர் மட்டும் புழங்கும் இடத்தை யார் கலைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் வரைபடமும் தசமத்தில்தான் வரைகிறது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

வைத்த அளவான 34 அந்தப் பதினாறில் ஓர் இடத்தில் இருக்கிறது. சூட்டு வேலை காத்திருக்கும்போது வரைபட வேலை அதே இடத்தில் தன் எண்ணை வைக்கிறது. வரைந்து முடித்தால் பழையபடி திருப்பி வைத்துவிடும். முடிக்கும்முன், பாதியில், சூட்டு வேலை எழுந்துவிட்டால்? அங்கே இருப்பதைத் தன் எண் என்று எடுத்துக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் அது 212, 7 என்று ஏதாவது அர்த்தமில்லாத எண்ணாக இருக்கும். முப்பதுக்குக் கீழோ 39க்கு மேலோ இருந்தால் உன் நிரல் தள்ளிவிடும். நீ கேட்ட பதினான்கு தடவையும் அதுதான். ஆனால் வரைபடத்தின் மேல்கோடு 39. அந்தக் கோட்டை வரையும் கண நேரத்தில் எழுந்தால் வரம்புக்குள் சரியாக உட்கார்ந்துவிடும். 39தான் சரி என்று இயந்திரமே நம்பிவிடுவதால் மணியும் அடிக்காது. பலகை குமிழ் நிற்கும் இடத்தை மட்டும் காட்டுவதால் அதில் 34 அப்படியே இருக்கும், பதிவுதான் மாறும். சூட்டைத் துண்டிக்கும் தனிக் கருவி நாற்பதில்தான் விழிக்கும்.

சி ரவூஃபிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டே இல்ல, நல்லது. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடு. சர்வீசுக்குப் போறப்ப ஏத்திட்டு வந்துடுவாங்க."

"அதுவரைக்கும்?"

"மூணு வருஷமா ஒண்ணும் ஆகல. நாலு மாசத்துல என்ன ஆகிடப்போகுது?"

"அந்த நர்ஸ் விஷயம்?"

"எந்த நர்ஸ்?" என்றார். நடிக்கவில்லை, தொர்சாஃப். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

நூற்றறுபது இயந்திரங்கள், பத்தொன்பது மருத்துவமனைகள். கம்பெனியில் முப்பது பேர். எனக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. தலைக்குள் ஓடுவதைச் சொல்கிறேன். திருத்திய வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

லஸாத்


எல் அத்தாயா,
25 மார்ச் 2019

லஸாத்,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். "எப்போதிருந்து என்று தெரியவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்து ஒரு வகுப்பு இருந்தது. எடுத்தேனா, என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

எப்போதிருந்து என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 44ஆம் பக்கம். 2015 நவம்பர் 12, வியாழக்கிழமை. நீ உன் தங்கை கல்யாணத்துக்குத் துனிஸ் போயிருந்தாய். மறுநாள் சுகாதார அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து தெரிகிறது என்று சி ரவூஃப் என் தலைமேல் நின்றார். வரைபடத்தை முழு எண்ணிலிருந்து தசமத்துக்கு மாற்றினேன். எல்லா வேலைகளும் தசம இடங்களைப் பயன்படுத்தலாம் என்று, நிரலைச் செயலிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரில் அமைப்பையும் மாற்றிவிட்டேன். கோடு வழவழவென்று வந்தது. "திங்களன்று லஸாத்திடம் சொல்லவேண்டும்" என்று அடியில் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். வீட்டுக்காரர்கள் மட்டும்தான் என்றாய். பொய் என்று புகைப்படங்கள் சொல்லின. டிசம்பர் வரை நாம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது நான் அதை மறந்திருந்தேன். மறந்தேன் என்றுதான் எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் வீம்பும் இருந்திருக்கலாம்.

நீ பதினாறு இடத்தை விட்டது தப்பு. ஆனால் நான் அந்த அமைப்பைத் தொடாதவரை அந்தத் தப்பு யாரையும் சுட்டிருக்காது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே உட்கார்ந்து அந்தப் பதினாறையும் சேர்த்திருப்பாய். மூன்று வருடமாக இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு, அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் நான் என்று என்னையே தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 61ஆம் பக்கத்தை எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கில்லை. 44ஐ ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

இது போதும். இப்போது உன் வரிகள்.

பதினாறையும் எடுத்து வைக்கிறாய், சரி. எங்கே வைக்கிறாய்? ஒவ்வொரு வேலைக்கும் நீ அளந்து கொடுத்த நினைவகத்தில்தானே. எச்சரிக்கை மணி வேலைக்கு 256 பைட் கொடுத்திருந்தாய். நான் செய்த மாற்றத்துக்குப் பிறகு அதுவும் தசமத்தைத் தொடுகிறது. இனி ஒவ்வொரு முறை அதை நிறுத்தும்போதும் எடுத்து வைப்பதற்கே இருநூறு பைட்டுக்குமேல் போய்விடும். மீதியில் அது எப்படி வேலை பார்க்கும்? வழிந்து அடுத்தவன் இடத்தில் விழும். அதற்குப் பக்கத்தில் இருப்பது யார் இடம்? சூட்டு வேலையுடையது. இந்தத் திருத்தத்தை அப்படியே ஏற்றி அனுப்பியிருந்தால், அதே கேடு வேறு வழியாக நூற்றறுபது இடத்துக்குப் போயிருக்கும். எல்லோருக்கும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கொடு. ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் ஓர் அடையாள எண்ணை வைத்து, அது கலைந்தால் இயந்திரம் நின்றுவிடும்படி செய்.

அப்டேட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். வரைபடப் பொத்தானை அழுத்தாதீர்கள் என்று வார்டுகளுக்குப் போன் செய்ய உனக்கு யாருடைய அனுமதி வேண்டும்?

தொர்சாஃப்


ஸ்ஃபாக்ஸ்,
9 ஏப்ரல் 2019

தொர்சாஃப்,

கல்யாண விஷயம். கூப்பிடாதது என் அம்மாவின் முடிவு. அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் பொய் சொன்னேன். எழுத வேண்டிய வரிசையில் இதுதான் முதலில் வரவேண்டும் என்று தோன்றியது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனை எடுத்து உட்கார்ந்தேன். பத்தொன்பது மருத்துவமனைகளுக்கும் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது. சில இடங்களில் அந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியவில்லை. சில இடங்களில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கஃப்சாவில் ஒரு தலைமை நர்ஸ் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"தம்பி, அந்தப் பொத்தான் மேல நாங்க பிளாஸ்திரி ஒட்டி ரெண்டு வருஷமாச்சு."

"ஏன் ஒட்டினீங்க?"

"அதை அழுத்தினா சில நேரம் பாப்பாக்குச் சூடு ஏறுது. ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உங்க சர்வீஸ்காரர்கிட்ட சொன்னோம். சிரிச்சார். கிராஃபுக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டார்."

என் வாயிலிருந்து போன வாக்கியம் அது, தொர்சாஃப். சர்வீஸ் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்தான்.

மூன்றாம் நாள் காலையில் சி ரவூஃபுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். எழுதிக் கொண்டுபோன அறிக்கையைக் கொடுத்தேன். உன் 44ஆம் பக்கத்தை அதில் சேர்க்கவில்லை. அதை நீதான் சொல்லவேண்டும். எல்லா இயந்திரங்களையும் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். கஃப்சா விஷயத்தைக் கேட்டபின் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். 2016இல் நர்ஸ்மேல் தப்பில்லை என்று எழுதிய பத்தி.

"இது முடிஞ்சுபோன விஷயம். இதைக் கிளறினா கம்பெனி மேல கேஸ் வரும். முப்பது குடும்பம், லஸாத்."

"அவளும் ஒரு குடும்பம்தானே."

"நீ கையெழுத்துப் போட்டிருக்கே, ஞாபகம் இருக்கா? கேஸ் வந்தா முதல்ல உன்மேலதான் வரும்."

மிரட்டினாரா, எனக்காகக் கவலைப்பட்டாரா என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். அன்று மதியம் தனியாக ஒரு கடிதம் எழுதி, பழைய கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, மருத்துவமனை இயக்குநருக்கும் அமைச்சகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவரிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "நாளைலேர்ந்து வரவேண்டாம்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால் அந்த நாற்பது வரியைத் தொட அங்கே வேறு ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து ஓர் இன்குபேட்டரை வண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு சீட்டு: "முடித்துக் கொடு." இப்போது அது எங்கள் கூடத்தில் இருக்கிறது. குழந்தைக்காக வாங்கினாயா என்று மனைவியின் அக்கா கேட்டாள்.

நீ சொன்னது சரி. என் முதல் திருத்தத்தை ஓடவிட்டுப் பார்த்தேன், மூன்று மணி நேரத்தில் விழுந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டும் அடையாள எண்ணும் போட்ட பிறகு எட்டு நாளாகக் குச்சி அடித்துக்கொண்டே இருக்கிறது. 34 அசையவில்லை.

ஹெதியாவிடம் போகவேண்டும். வண்டியில் ஏறி மஹாரெஸ் வரை போனேன். ரொட்டிக் கடையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

லஸாத்


எல் அத்தாயா,
17 ஏப்ரல் 2019

லஸாத்,

திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு முதல் படகில் ஏறி மஹாரெஸ் போனேன். நீ திரும்பிப் போனதைக் குறை சொல்லவில்லை. நானும் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். ஒரு பெண் "வரிசையில நிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

ஹெதியா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கொஞ்சம் பெருத்திருக்கிறாள். கூட்டம் குறைந்ததும் பின்கட்டுக்கு அழைத்துப் போய் மாவு மூட்டைமேல் உட்கார வைத்தாள். என் பங்கை முதலில் சொன்னேன். 44ஆம் பக்கத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். பிறகு உன் பங்கு. நீ அவளுக்காக எழுதிய பகுதியை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் சந்தோஷப்படுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கும். ஆனா நான் திருப்பினேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"முதல் வருஷம், நான் திருப்பலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ரெண்டாவது வருஷம், எனக்கு ஞாபகம் இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சேன். இப்ப யாராவது கேட்டா, ஆமா, திருப்பினேன்னுதான் சொல்வேன். அந்தக் குமிழ் விரல்ல பட்டது எனக்கு ஞாபகம் இருக்கு, தொர்சாஃப். சில்லுனு இருந்துச்சு. பேப்பர்ல இருக்கு, பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எழுதியிருக்காங்க, அவங்க எல்லாரும் பொய்யா சொல்வாங்க?"

அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும், பேசும்போதே, எதையோ திருப்புவதுபோல் அசைந்தன. அவளுக்கு அது தெரியவில்லை.

உன் கர்னலும் என் கம்பைலர் அமைப்பும் அங்கே எதற்கும் உதவவில்லை. கடைசியில் அவளுடைய சொந்த வார்த்தையைத்தான் எடுத்தேன். "பலகைல 34 இருந்துச்சுன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. குமிழைத் திருப்பியிருந்தா முதல்ல மாறுறது பலகைதான். பலகை மாறாம பதிவு மட்டும் மாறணும்னா, கை பட்டிருக்கவே முடியாது" என்றேன். மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது முறை, "பலகைல 34தான் இருந்துச்சு" என்று அவளே சொன்னாள். பிறகு தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மாவு மூட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "நீங்க அன்னைக்கும் கையெழுத்துப் போடல. போட்டவர் வரணும். வந்து சொல்லணும்."

போ, லஸாத்.

தொர்சாஃப்


ஸ்ஃபாக்ஸ்,
29 ஏப்ரல் 2019

தொர்சாஃப்,

முதலில் அலுவல் செய்தி. மருத்துவமனை பழைய விசாரணையை மறுபடி எடுத்திருக்கிறது. மே 14, காலை ஒன்பது மணி. உனக்கும் அழைப்பு வரும். ரமலான் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும், ஆகவே எல்லோரும் காலையில் சிடுசிடுவென்று இருப்பார்கள், தயாராக வா. திருத்திய நிரல் நூற்றெட்டு இயந்திரங்களில் ஏறிவிட்டது. என்மேல் வழக்கு வருமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. வேலைக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மஹாரெஸ் போனேன்.

மதிய ரொட்டிக்கு வரிசை தெருவரை நின்றது. நானும் நின்றேன். என் முறை வந்ததும், "எத்தனை?" என்றாள். நான் ரொட்டிக்கு வரவில்லை, என் பெயர் லஸாத் என்றேன். ஒரு கணம் பார்த்தாள். "ஓரமா நில்லுங்க. ஜனங்க நிக்கிறாங்க" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். சட்டை நனைந்துவிட்டது.

வரிசை தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைத் தொடங்கினேன். "எங்க கம்பெனி தயாரிச்ச இயந்திரத்தோட மென்பொருள்ல ஒரு குறை இருந்தது தெரியவந்திருக்கு..."

"கம்பெனி எங்க? என் முன்னாடி நிக்கலையே" என்றாள். "நிக்கிறது யாரு?"

"நான்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னேன். எடுத்து வைக்கவேண்டியதை நான் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் திருப்பவில்லை. தெரியாமலே உங்கள்மேல் பழியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். தொர்சாஃப் கேள்வி கேட்டபோது சரிபார்க்காமல் வாயை அடைத்தேன்.

அவள் உள்ளே பார்த்து, "முஃபித், இங்க வா" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவர் கையெல்லாம் மாவோடு வந்து நின்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவரிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் போனில் தன் அக்காவைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். அக்காவுக்கும் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. போனைத் திருப்பி வாங்கும்போது ஹெதியாவின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"அந்தப் பொத்தானை இப்ப அழுத்தலாமா?" என்று கேட்டாள்.

"அழுத்தலாம்."

"அழுத்திப் பாத்தீங்களா?"

"ஒரு லட்சம் தடவைக்கு மேல."

"பாட்டிலை வெச்சுத்தானே" என்றாள்.

ஆமாம் என்றேன். மருத்துவமனை கூப்பிட்டால் திரும்பிப் போவீர்களா என்று கேட்டேன். அதை விசாரணை முடிந்து யோசிப்பேன், அதுவும் உங்களிடம் சொல்லவேண்டியதில்லை என்றாள். நியாயம்தான்.

வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தபோது ஒரு கிழவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். நான்கு ரொட்டி கேட்டார். ஹெதியா எடுத்துக்கொண்டே, அவர் எதுவும் கேட்காமலே, "நான் திருப்பல" என்றாள்.

"எதம்மா?" என்றார் அவர்.

"எதையும்" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

லஸாத்